டிரங்குப் பெட்டியில் தூங்கும் மாயாவி: பழைய காமிக்ஸுக்கு ஏன் விலை படியவில்லை?

2025 நவம்பரில் ஒரு செய்தி நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தாய் இறந்தபின் வீட்டை ஒழித்த பிள்ளைகள், பரணில் இருந்த பெட்டி ஒன்றில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் 'சூப்பர்மேன்' முதல் இதழ் கிடந்ததைக் கண்டார்கள். 1939ல் பத்து சென்ட் விலையில் வந்த அந்தப் புத்தகம் ஏலத்தில் 91.2 லட்சம் டாலருக்குப் போனது. நம் பணத்தில் ஏறக்குறைய 80 கோடி ரூபாய்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் சத்துவாச்சாரியிலும் குடியாத்தத்திலும் ஆரணியிலும் யாராவது ஒருவர் ஏணி போட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குகிறார். உள்ளே அப்பா சேர்த்த முத்து காமிக்ஸ், அண்ணன் சேர்த்த ராணி காமிக்ஸ். ஃபேஸ்புக்கில் தேடினால் அதே இதழுக்கு ஆயிரம் ரூபாய் என்று ஒருவர் போட்டிருக்கிறார். சரி, நாம் முந்நூறுக்குத் தருவோம் என்று படம் எடுத்துப் போட்டால், "ஐம்பதுக்கு வருமா சார்?" என்று ஒரே ஒரு பதில். தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரரோ தராசைக் காட்டுகிறார். ஒரே புத்தகத்துக்கு ஆயிரம், ஐம்பது, கிலோ கணக்கு என்று மூன்று விலை இருந்தால் எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். அவை மூன்று வெவ்வேறு சந்தைகளின் விலைகள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பெட்டி, மூன்று சந்தை

1. எடை விலை. புத்தகமாக அல்ல, காகிதமாக. சாதாரண காமிக்ஸ் இதழ் ஒன்று 50, 60 கிராம் இருக்கும். முந்நூறு இதழ் சேர்ந்தால் 18 கிலோ. கிலோ 12 ரூபாய் என்று வைத்தால் 216 ரூபாய். பெட்டியோடு சேர்த்துக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். எடைக்குப் போட்ட காசில் அந்த இரண்டு பேருக்கும் ஆம்பூர் பிரியாணி வாங்கித் தர முடியுமா என்பது சந்தேகம்.

2. வாசிப்பு விலை. கதையைப் படிக்க ஆசைப்படுகிறவர் தரும் விலை. இவருக்கு அட்டை கிழிந்திருந்தால் கவலையில்லை, பக்கம் குறையக்கூடாது. அதே கதை புதிய அச்சில் கிடைத்தால் பழைய இதழுக்கு அதைவிட அதிகம் தரமாட்டார். ஆகவே இந்த விலைக்கு மேலே ஒரு கூரை உண்டு.

3. சேகரிப்பு விலை. குறிப்பிட்ட எண், குறிப்பிட்ட ஆண்டு, அந்த அட்டை, அந்த முதல் பதிப்பு வேண்டும் என்பவர் தருவது. இவர் வாங்கிய புத்தகத்தை ஒருமுறைகூடப் பிரித்துப் படிக்காமல் போகலாம். இந்த விலைக்குக் கூரை இல்லை. தரையும் இல்லை என்பதைத்தான் விற்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இந்த மூன்று ரகமும் கலந்தே கிடக்கும். பேரம் முறிவது பெரும்பாலும் இதனால்தான்: விற்பவர் மொத்தப் பெட்டியையும் மூன்றாவது விலையில் பெருக்கிப் பார்க்கிறார், வாங்குபவர் மொத்தப் பெட்டியையும் முதல் விலைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

தமிழ் காமிக்ஸ் சேகரிப்பின் மையம் சிவகாசி. 1972ல் எம்.சௌந்தரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1962 முதல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த தொடர் அது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் 1984ல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. தொடக்க கால லயன் பாக்கெட் அளவில் வந்தது. திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று துணை இதழ்களும் அந்தப் பத்தாண்டில் வந்தன. சிறுவன் கையில் எளிதாகச் சிதையும் அளவு என்பதால் பாக்கெட் சைஸ் இதழ்கள் முழுசாகத் தப்பியது குறைவு.

அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் கதையோடு வந்தது. 2005 வரை 500 இதழ்கள். தந்தி போகிற ஊருக்கெல்லாம் ராணி காமிக்ஸும் போனது. வாணியம்பாடி பேருந்து நிலையக் கடையிலும் தொங்கியது, போளூர் பெட்டிக்கடையிலும் தொங்கியது. வடஆற்காட்டுப் பரண்களில் அதிகம் கிடைப்பது இதுதான். அதிகம் கிடைப்பதாலேயே நடுவாந்தர எண்கள் விலை ஏறுவதில்லை.

இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. முத்து காமிக்ஸின் மாயாவி, இரும்புக் கையோடு மின்சாரம் பாய்ந்தால் மறைகிறவர். ராணி காமிக்ஸின் 'முகமூடி வீரர் மாயாவி' என்பது காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் ஃபேண்டம். இரண்டும் வேறு ஆள், வேறு பதிப்பகம், வேறு விலை. "மாயாவி புக் பத்து இருக்கு, எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டால், வாங்குபவருக்கு உடனே தெரிந்துவிடும், எதிரில் இருப்பவருக்குத் தன்னிடம் இருப்பது என்னவென்றே தெரியாது என்று. பேரம் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது.

டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் இன்னொரு வகை. தமிழ்ப் பதிப்பு இதழ்கள் ஆங்கிலப் பதிப்பைவிட அரிதாகவே கண்ணில் படுகின்றன. அப்படியானால் தமிழுக்குத்தானே விலை அதிகம் இருக்க வேண்டும்? அப்படி நடப்பதில்லை. ஆங்கில இந்திரஜாலுக்கு கொல்கத்தாவிலும் புனேயிலும் பெங்களூரிலும் ஆள் உண்டு. தமிழ்ப் பதிப்புக்குத் தமிழ் படிக்கத் தெரிந்த சேகரிப்பாளர் மட்டும்தான். அரிது என்பது பொருளின் குணம், விலை என்பது வாங்க வருகிறவர்களின் எண்ணிக்கை.

வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட பூந்தளிர் இதழுக்கு, கபீஷ் குரங்கையும் வேட்டைக்கார வேம்புவையும் மறக்காத ஒரு சிறு கூட்டம் இன்னும் இருக்கிறது. 1947ல் தொடங்கிய அம்புலிமாமா காமிக்ஸ் அல்ல என்றாலும் அதே பெட்டியில்தான் கிடக்கும்; பழைய இதழ்கள் பலவும் இணையத்தில் படிக்கக் கிடைத்துவிட்டதால் அதன் வாசிப்பு விலை இறங்கி வெகுநாளாகிறது. தமிழ் அமர் சித்திரக் கதைக்கும் அதே நிலைதான், மறுபதிப்பு தொடர்ந்து வருகிறது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தால்

பெட்டியிலிருந்து 1986ஆம் ஆண்டு ராணி காமிக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். சேகரிப்பாளர் அதைக் கதைக்காகப் பார்க்கமாட்டார், பின்வரும் வரிசையில் பார்ப்பார்.

மேல் விளிம்பில் அட்டை கொஞ்சம் மடங்கி வெளுத்திருக்கிறது. கடையில் கயிற்றில் தொங்கிய தழும்பு. இது மன்னிக்கப்படும். முதல் பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை: கடைப் பெயர் பாதி அழிந்து, "லெண்டிங் லைப்ரரி, வேலூர்" என்பது மட்டும் தெரிகிறது. வாடகைக்குப் போன புத்தகம் என்று பொருள், ஆகவே எத்தனை கை மாறியிருக்கும் என்பதும் தெரிந்துவிடும், விலை இறங்கும். அதன் கீழே நீல மையில் ஒரு பையனின் பெயர், "7-ம் வகுப்பு ஆ பிரிவு". இதற்கு இன்னும் கொஞ்சம் இறங்கும். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்து, சுற்றிலும் காகிதம் பழுப்பு வளையமாகியிருக்கிறது. நடுப்பக்கத் தாள் பின்னை விட்டுக் கழன்று தனியே வருகிறது. காணாமல் போகவில்லை என்பது வரை நல்லது. கடைசியில் ஒரு படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு யாரோ மீசை வரைந்திருக்கிறார்கள். இந்த இதழ் சேகரிப்புச் சந்தையிலிருந்து வாசிப்புச் சந்தைக்கு இறங்கிவிட்டது. தபாலில் அனுப்ப வெட்டிய கூப்பனோ, கிழிந்துபோன ஒரு தாளோ இருந்தால் வாசிப்புச் சந்தையிலிருந்தும் இறங்கி எடைக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

அரசு நூலக முத்திரை இருந்தால் அது வேறு விஷயம். கழிவு செய்ததற்கான குறிப்பு இல்லாத நூலகப் புத்தகத்தை விற்பனைக்கு வைக்காமல் தனியே எடுத்துவைப்பதே சரி.

அமெரிக்காவில் இந்த மதிப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. 2000ல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் 10 வரை மதிப்பெண் போட்டு, புத்தகத்தைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து முத்திரையிடுகிறது. 80 கோடிக்குப் போன சூப்பர்மேன் 9.0 மதிப்பெண் பெற்றது. அதே இதழ் அட்டை கிழிந்து 1.0 என்று வந்திருந்தால் விலை அதன் பக்கத்தில்கூட வந்திருக்காது. தமிழ் காமிக்ஸ் கைமாறும் குழுக்களில் அப்படி ஒரு பொது அளவுகோல் புழக்கத்தில் இல்லை. "நல்ல கண்டிஷன்" என்று விற்பவர் சொல்வதும் "சுமார்தான்" என்று வாங்குபவர் சொல்வதும் ஒரே புத்தகத்தைப் பற்றித்தான். அளவுகோல் இல்லாத சந்தையில் வாங்குபவர் எப்போதும் மோசமானதையே கற்பனை செய்து விலை கேட்பார். அதனால்தான் முன்னட்டை, பின்னட்டை, ஸ்டேப்ளர் பின், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் என்று ஐந்து படம் போடுகிறவருக்கு, ஒரே ஒரு அட்டைப் படம் போடுகிறவரைவிட நல்ல விலை கிடைக்கிறது.

காகிதம் பழுப்பதற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. செய்தித்தாள் ரகக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் பட்டு அது நிறம் மாறுகிறது, காகிதத்துக்குள் அமிலம் ஊறி நார்களை அரிக்கிறது. வெப்பம் கூடக் கூட இந்த வினை வேகமாகும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண் என்பது ஏறக்குறைய மெதுவாக எரியும் அடுப்புதான்.

விற்பதற்கு முன் அழகுபடுத்துகிறேன் என்று செய்யும் வேலைகள் இதைவிட மோசம். செல்லோடேப் ஒட்டுவது, லாமினேட் செய்வது, கிழிந்த அட்டைக்குப் பதில் கலர் ஜெராக்ஸ் போடுவது. முதல் இரண்டும் விலையைக் கெடுக்கும், மூன்றாவது பெயரைக் கெடுக்கும். அப்பா காலத்தில் ஆண்டு வாரியாக பைண்ட் செய்திருந்தால், விளிம்பு கட்டிங் ஆகியிருக்கும். சேகரிப்பாளருக்கு அது குறை, வாசகருக்கு வரம். அதைப் பிரித்துத் தனித்தனி இதழாக்க முயல வேண்டாம். பைண்ட் வால்யூமாகவே வாசகரிடம் விற்பதுதான் லாபம்.

சந்தை ஏன் மந்தமானது?

1. வாங்குபவர்களின் வயது. 1972ல் பத்து வயதில் இரும்புக்கை மாயாவியைப் படித்தவருக்கு இப்போது 60 தாண்டிவிட்டது. பணமும் ஆசையும் சேர்ந்திருந்த வயதில் அவர் தேடித் தேடி வாங்கினார். இப்போது அவரே தன் சேகரிப்பை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறார். நேற்றைய வாங்குபவர் இன்றைய விற்பவராக மாறும் சந்தையில் விலை இரண்டு பக்கமும் அடிபடும்: கேட்பவர் ஒருவர் குறைகிறார், கொடுப்பவர் ஒருவர் கூடுகிறார்.

2. மறுபதிப்பு. 2012ல் லயன், முத்து இரண்டும் நல்ல தாளும் பெரிய அளவும் வண்ணமுமாகப் புது உருவில் வரத் தொடங்கின. பழைய மாயாவி கதைகள் மீண்டும் அச்சாயின. XIII (பதின்மூன்று) என்று உலகம் அறிந்த பெல்ஜியத் தொடர் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் 2010ல் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்தது. 2018ல் வண்ணத்தில் வந்தது. ஒவ்வொரு மறுபதிப்பும் பழைய இதழின் வாசிப்பு விலையை உடைக்கிறது. சேகரிப்பு விலையை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஏனெனில் சேகரிப்பாளருக்கு வேண்டியது அந்த மஞ்சள் தாள். ஆனால் பெட்டியில் இருக்கும் பெரும்பாலான இதழ்கள் வாசிப்பு விலைக்கானவை என்பதுதான் சிக்கல்.

3. ஸ்கேன் கோப்புகள். உரிமையில்லாமல் சுற்றுபவை என்பது தெரிந்தும் படிக்கிறார்கள். இதுவும் அடிப்பது வாசிப்பு விலையைத்தான்.

4. தபால் செலவு. இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்த அக்டோபரில் வந்த கட்டணப்படி 50 கிராமுக்கு மேல் 250 கிராம் வரை, 200 கிலோமீட்டருக்குள் அனுப்ப 59 ரூபாய், வரி தனி. வேலூரிலிருந்து சென்னைக்கு ஐம்பது ரூபாய்ப் புத்தகத்தை அனுப்ப எழுபது ரூபாய். 2025 மே மாதம் புத்தகங்களுக்கென்று வந்த ஞான் போஸ்ட் மலிவானது, 300 கிராம் வரை 20 ரூபாய்தான். ஆனால் மாத இதழ் போலக் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் வெளியீடுகளுக்கு அது பொருந்தாது. நம் பெட்டியில் இருப்பதெல்லாம் அப்படி வந்தவைதானே.

அமெரிக்கச் சந்தையும் இப்போது ஒரே சீராக இல்லை. கொரோனா முடக்க காலத்தில், 2020, 2021ல், வீட்டிலிருந்தவர்கள் வாங்கிக் குவித்ததில் ஏறிய விலைகள் அதன்பின் இறங்கின. உச்சியில் இருக்கும் ஒருசில இதழ்கள் சாதனை விலைக்குப் போவதும், நடுத்தர இதழ்கள் தேங்கி நிற்பதும் அங்கே ஒரே நேரத்தில் நடக்கின்றன. செய்தியாவது உச்சி மட்டும்.

அங்கே இதற்கு முன்பும் ஒரு சரிவு உண்டு. 1991ல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. 1992ல் சூப்பர்மேன் இறக்கும் இதழ் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் வந்தபோது லட்சக்கணக்கானோர் பிரிக்காமலே எடுத்துவைத்தார்கள், பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது அரிதாகவே இல்லை; இன்றும் சில டாலருக்குக் கிடைக்கிறது. அந்த மோகம் அடங்கியதில் மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. நம்மூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. இங்கே யாரும் முதலீடாக வாங்கவில்லை. பாதி, பள்ளிக்கூடப் பையில் கிழிந்தது. பாதி, அம்மா எடைக்குப் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கினார். அதனால் தமிழ் காமிக்ஸில் உண்மையான அரிய இதழ்கள் உண்டு. அவற்றுக்குப் போட்டி போடும் ஆள்தான் போதவில்லை.

கேட்ட விலை வேறு, போன விலை வேறு

ஃபேஸ்புக்கில் தெரியும் ஆயிரம் ரூபாய், ஒருவர் கேட்கும் விலை. ஆறு மாதமாக அதே பதிவு அங்கேயே இருந்தால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. போன விலை பெரும்பாலும் வெளியே தெரியாது, தனிச்செய்தியில் பேசி முடித்துவிடுவார்கள்.

போன விலை தெரிந்தாலும் அதை நம் புத்தகத்தின் மேல் ஒட்டிவிட முடியாது. ஒரு கற்பனைக் கணக்கில் இது தெளிவாகும். ஒரு பழைய முத்து காமிக்ஸ் எண்ணைத் தமிழகம் முழுக்க நான்கு பேர் மட்டும் தேடுகிறார்கள். முதலாமவர் 2,000 ரூபாய் வரை தருவார், இரண்டாமவர் 900, மூன்றாமவர் 400, நான்காமவர் 150.

முதல் பிரதி ஏலத்துக்கு வருகிறது. முதலாமவர் 2,000 தரத் தயார்தான், ஆனால் 900ஐ இரண்டாமவர் தாண்டமாட்டார் என்பதால் 950ல் முடித்துவிடுகிறார். "முத்து காமிக்ஸ் 950 ரூபாய்" என்று செய்தி பரவுகிறது. அதைக் கேட்டு ராணிப்பேட்டையில் ஒருவர் பரணில் ஏறி இரண்டாவது பிரதியைக் கொண்டுவருகிறார். இப்போது முதலாமவர் போட்டியில் இல்லை, அவருக்குப் புத்தகம் கிடைத்துவிட்டது. இரண்டாமவர், மூன்றாமவரைத் தாண்டினால் போதும்: 450. திருப்பத்தூரிலிருந்து மூன்றாவது பிரதி வரும்போது 200க்கு மேல் போகாது. நான்காவது பிரதிக்கு எதிர்ப்போட்டியே இல்லை. ஒருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார், அவர் சொல்வதுதான் விலை.

ஒரே இதழ், ஒரே கண்டிஷன், சில மாத இடைவெளி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விலையை நிர்ணயிப்பது அதிகம் தரத் தயாராக இருப்பவரல்ல, அவருக்கு அடுத்து நிற்பவர். மந்தமான சந்தை என்றால் அந்த அடுத்த ஆள் இல்லாத சந்தை.

விற்கும் வழிகள்

1. மொத்தமாகக் கொடுப்பது. முந்நூறு இதழையும் ஒரே ஆளிடம் ஒரே விலைக்கு. தனித்தனியாக விற்றால் வரும் தொகையில் மூன்றில் ஒன்று கிடைத்தாலும் அதைக் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் இதழையும் படமெடுத்து, விவரம் எழுதி, கேள்விக்குப் பதில் சொல்லி, பொதிந்து, தபாலில் போடக் கால் மணி நேரம் என்றாலும் முந்நூறுக்கு 75 மணி நேரம். வியாபாரி எடுத்துக்கொள்வது அந்த 75 மணி நேரத்துக்கும், விற்காமல் தங்கிப்போகும் பாதிக்கும் சேர்த்த கூலி.

2. ஒவ்வொன்றாக விற்பது. பெட்டியில் பத்து, பதினைந்து இதழுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

3. ரகம் பிரித்து விற்பது. நடைமுறையில் இதுதான் பொருந்துகிறது. பத்துப் பத்தாகக் கட்டு: ராணியில் ஒரே ஆண்டு இதழ்கள் ஒரு கட்டு, டெக்ஸ் வில்லர் கதைகள் ஒரு கட்டு, லக்கி லூக் ஒரு கட்டு. தபால் செலவு பத்து இதழுக்குப் பகிர்ந்துபோகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக்கு வந்து பார்ப்பவர் பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருபது இதழை மட்டும் தனியே எடுத்து வைப்பார். "இதை மட்டும் எடுத்துக்கிறேன் சார், நல்ல விலை தர்றேன்." நெல்லை அள்ளிக்கொண்டு பதரை விட்டுப்போகும் பேரம் அது. அந்த இருபது போனபின் மிச்சம் 280ஐப் பார்க்க யாரும் வேலூருக்கு வரமாட்டார்கள். அந்த இருபதுதான் மற்றதையும் இழுத்துச்செல்லும் மாடு. தனியே கொடுப்பதானால் அதற்குரிய விலைக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு நல்ல இதழோடும் ஒரு கட்டைச் சேர்த்துத்தான் தரமுடியும் என்று சொல்லிவிடலாம்.

பேரத்துக்கு உட்காரும் முன் பட்டியல் ஒன்று வேண்டும். பதிப்பகம், இதழ் எண், தலைப்பு, மாதம், ஆண்டு, குறைகள். ஒரு நாற்பது பக்க நோட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பட்டியலோடு வருகிறவரிடம் யாரும் "மொத்தமா ஐந்நூறு" என்று தொடங்குவதில்லை.

வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரு காலத்தில் பழைய புத்தகம் என்றால் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985ல் அந்தக் கட்டடம் தீயில் போனது. காட்பாடி ஜங்ஷன் அப்படியே இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நிற்கும் ஊர் இது, இரண்டிலும் தமிழ் காமிக்ஸ் வாங்குகிறவர்கள் உண்டு. அந்த வழியாகப் போகும் சேகரிப்பாளரிடம் நடைமேடையிலேயே கட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டால் தபாலும் மிச்சம், "படத்தில் பார்த்தது போல இல்லை" என்ற தகராறும் மிச்சம். இணைய வழியில் பணம் வாங்குவதானால் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நமக்குப் பணம் வருவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது பணம் வெளியே போகும் வழி.

நான்காவதாக ஒரு வழி, எல்லோருக்கும் வாய்க்காது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கத் தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை 1994ல் முழுதாக வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உதிரியாகப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போயிருந்தால் அதில் பாதிக்கு மேல் எடைக்குப் போயிருக்கும். தொடர்ச்சி அறுபடாத ஒரு செட், உதாரணமாக ராணியின் முதல் நூறு இதழ்கள் வரிசையாக, யாரிடமாவது இருந்தால் அதை உடைக்காமல் நூலகத்திடமோ ஆய்வாளரிடமோ முதலில் கேட்டுப்பார்க்கலாம். பணம் பெரிதாக வராது என்றாலும் செட் செட்டாக இருக்கும்.

எதை இப்போதே விற்பது?

"மார்க்கெட் டல்லாக இருக்கிறது, ஏறட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. தங்கத்துக்கும் மனைக்கும் அது பொருந்தலாம், ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைப் புதிதாகத் தேடி வருகிறது. பழைய காமிக்ஸைத் தேடுகிறவர் அதைச் சிறுவயதில் படித்தவர். அந்த எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. ஆகவே இந்த மந்தத்தை ஏறி இறங்கும் அலை என்று எடுத்துக்கொண்டு காத்திருப்பது எல்லா இதழுக்கும் சரிவராது.

அடிமட்டம், அதாவது பக்கம் குறைந்தவை, அட்டையில்லாதவை: இதற்குமேல் விலை இறங்க இடமில்லை. கட்டுகளோடு இலவசமாகச் சேர்த்துவிடலாம்.

நடுமட்டம்: நல்ல நிலையில் இருக்கும் சாதாரண எண்கள், மறுபதிப்பு வந்துவிட்ட கதைகள். அதிகம் அடிவாங்குவது இதுதான். ஒவ்வொரு மறுபதிப்புக்கும் ஒவ்வொரு பழைய வாசகரின் பெட்டி சந்தைக்கு வரும்போதும் இது இன்னும் இறங்கும். கை வலித்தாலும் இப்போது கொடுத்துவிடுவது மேல். இதில் ஒரு விதிவிலக்கு, 1990களின் ராணி காமிக்ஸ். அதைப் படித்த பையன்கள் இப்போது நாற்பதுகளில், சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள். தேடும் ஆசை அவர்களுக்கு இப்போதுதான் வரத் தொடங்கும். கொஞ்ச காலம் காத்திருப்பதில் அங்கே மட்டும் அர்த்தமுண்டு.

உச்சி: 1970களின் முத்து, தொடக்க கால லயன் பாக்கெட் இதழ்கள், முதல் எண்கள். பெட்டிக்கு ஐந்தோ ஆறோ தேறும். இவற்றுக்குச் சந்தை மந்தமானாலும் ஓர் ஆள் வருவார். ஆனால் அவர் எந்த மாதம் வருவார் என்பது தெரியாது. அவசரப் பணத் தேவைக்கு இவற்றை விற்கக்கூடாது. அவசரத்தில் விற்கும்போது எதிரில் நிற்பது நான்கு பேரில் நான்காமவராக இருக்கலாம்.

வைத்துக்கொள்வது என்று முடிவான ஐந்தாறு இதழ்களை மறுபடி பரணில் ஏற்ற வேண்டாம். பின் துருப்பிடித்திருந்தால் கழற்றி எடுத்துவிட்டு, தாள்களை வரிசை மாறாமல் ஒன்றாக வைக்கலாம். புதுப் பின் அடிக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் தெளிவான பாலிப்ரொப்பிலீன் உறையில், பின்னால் ஓர் அமிலமில்லாத அட்டை வைத்து, பீரோவின் நடுத்தட்டில் படுக்கையாக அடுக்கலாம். சுவரை ஒட்டாமல், தரையில் படாமல். அந்துருண்டையைப் புத்தகத்தின் மேல் போடாமல் மூலையில் துணியில் முடிந்து வைக்க வேண்டும். ஆடி முடிந்து மழை பிடிக்கும் முன் ஒருமுறை எடுத்து, நிழலில் விரித்து, கரையான் மண்ணும் வெள்ளிப்பூச்சியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதே வரிசையில் திரும்ப வைத்தால் போதும். வெயிலில் மட்டும் காயவைக்கக் கூடாது.